சாய்வாக வைத்த கம்பிவலை

என் அண்ணி இருபத்திரண்டு வருடம் முட்டைப் பண்ணையில் நின்றார். வேலை பார்த்தார் என்பதைவிட நின்றார் என்பதுதான் சரி. கூண்டுகளிலிருந்து உருண்டு வரும் முட்டைகளை எடுத்து, விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்கி, மற்றதை அட்டையில் அடுக்க வேண்டும். அங்கே நாற்காலி கிடையாது. அதனால் வீட்டிலும் அவருக்கு உட்காரத் தெரியாமல் போய்விட்டது. நின்றுகொண்டே சாப்பிடுவார், நின்றுகொண்டே போனில் பேசுவார். "உட்காருங்க அண்ணி, வீடு ஒண்ணும் ஓடிப் போயிடாது" என்று நான் கத்துவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும்.

போன வருடம் முழங்கால் மக்கர் செய்ததால் வேலையை விட்டார். அவருடைய கடைசி நாளில் பண்ணையில் வயதான கோழிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். அதில் ஐந்தைக் கேட்டு வாங்கி, அட்டைப் பெட்டிகளில் வைத்து ஆட்டோவில் வந்து இறங்கினார். என் அண்ணன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றுக்கும் கழுத்தில் இறகு இல்லை.

"இதுல உயிருள்ள கோழி எது, உரிச்ச கோழி எது?" என்றார்.

"இதுங்கள வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க அண்ணி?" என்று நான் பாய்ந்தேன்.

"ஒண்ணும் பண்ணல. இத்தனை வருஷம் அதுங்க சம்பாத்தியத்துலதானே சாப்பிட்டோம்?"

நான் முணுமுணுத்துக்கொண்டே பெட்டிகளைப் பின்கட்டுக்குத் தூக்கிப் போனேன்.

பின்கட்டில் விட்ட மூன்றாம் நாளே நான்கு கோழிகள் தேறிவிட்டன. மண்ணைக் கீறின, புரண்டன, இருந்த கொஞ்சம் புல்லையும் துடைத்து எடுத்துவிட்டன. ஐந்தாவது மட்டும் மண்ணில் கால் வைக்கவே மாட்டேன் என்றது. மொட்டை என்று அதற்குப் பெயர் வைத்தது நான்தான். பின்வாசல் சிமென்ட் படியில் நின்றது நின்றபடி. தூக்கி மண்ணில் விட்டால் ஒரு காலை மடக்கிக்கொண்டு நடுங்கும். கிண்ணத்தில் தீனி வைத்தால் நாலு கொத்து, அவ்வளவுதான். நாளுக்கு நாள் துரும்பாக இளைத்தது.

அண்ணி அதைத் துணிப்பையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போனார். நானும் கூடப் போனேன். அங்கிருந்த கம்பவுண்டர் அதன் வெளுத்த கொண்டையை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"மருந்து வேணாம்மா, பச்சை வேணும்."

"கீரைய நறுக்கிப் போட்டேன் சார். அது தீனின்னே இவளுக்குத் தெரியல."

"நறுக்குனது ஆடாது, அசையாது. நிக்கிற பயிரா வளத்து விடுங்க. அசையறதப் பாத்தாத்தான் கண்ணு போகும். தானா கொத்த ஆரம்பிச்சா பொழச்சுக்கும். இல்லன்னா மூணு வாரம் தாங்குனா பெருசு."

வீடு திரும்பியதும் அண்ணி வாசலில் பையை இறக்கினார். "லாரியில போயிருந்தா ஒரு நாள் சாவு. நான் கொண்டுவந்து பட்டினி போட்டு இழுக்க விட்டேன்னு ஆகக் கூடாது."

அன்றே கம்பும் கோதுமையும் வெந்தயமும் ஊறவைத்து விதைத்தார். சுற்றிப் பழைய சேலையைக் கட்டி மறைத்தார். முளை தலைகாட்டியதுதான் தாமதம், மற்ற நான்கும் சேலைக்கு அடியில் நுழைந்து அரை மணி நேரத்தில் வேர்கூட மிச்சம் வைக்காமல் கிளறிவிட்டன. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு துரத்தினேன். அண்ணி கிளறிய மண்ணைப் பார்த்தபடி நின்றார்.

"வேரத் தொட விடக் கூடாது. மேல கம்பிவலை போட்டுட்டா, வலைக்கு வெளிய வர்ற நுனிய மட்டும்தான் தின்ன முடியும். திரும்பத் திரும்பத் துளிர்க்கும்" என்றார்.

என் அண்ணனுக்கு ஜன்னல் கிரில் செய்யும் பட்டறையில் வேலை. அண்ணி அளவுகளைக் கடகடவென்று சொல்ல, அவர் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். மனைவி சொன்ன அளவைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மறுநாளே வேலையை முடித்து எடுத்து வந்தார். நாலு பக்கமும் தகடு அடித்த இரும்புச் சட்டம், மேலே வலை, அடியில் திறப்பு. மீண்டும் விதைத்து, பின்வாசல் படியை ஒட்டியே மேலே கவிழ்த்தோம். ஒரு பக்கம் ஒரு சாண் உயரம், எதிர்ப்பக்கம் நாலு விரல்கடைதான்.

"ஏன் இப்படிச் சரிஞ்சு கெடக்கு? பட்டறையில குடிச்சுட்டா வெல்டிங் வச்சீங்க?" என்றேன்.

"உங்க அண்ணி சொன்ன அளவும்மா" என்றார் அண்ணன்.

"சரியாத்தானே சொன்னேன்? முட்டை முன்னால உருண்டு வரணும்ல" என்ற அண்ணி, அப்படியே நிறுத்திவிட்டார்.

பண்ணைக் கூண்டுகளின் தரை அப்படித்தான் சரிந்திருக்குமாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"அந்தக் கூண்டையே இங்க வந்து திரும்பக் கட்டிட்டேனே" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாற்றிச் செய்யலாமென்றால் பட்டறையில் வலை தீர்ந்திருந்தது, அடுத்த சுருள் வரப் பத்து நாளாகும். அதனால் அதை அப்படியே விட்டுவைத்தோம்.

இரண்டாம் நாள் காலையில் மொட்டை படியிலிருந்து கழுத்தை நீட்டியது. ஒரு காலை வலையில் வைத்தது, பிறகு மறு காலை. சொந்த வீட்டுக்கு வந்ததுபோல விரல்களை மடக்கிக் கம்பியைப் பற்றிக்கொண்டது. பிறகு தாழ்ந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"தீனித் தொட்டி அந்தப் பக்கம்தான் இருக்கும். வரும்னு பாக்குறா" என்றார் அண்ணி. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. வெளியே வந்தும் கூண்டைத்தான் தேடுகிறது என்றால் யாருக்குத்தான் வலிக்காது?

மூன்று நாள் அப்படியே நின்றது. இரவில் மட்டும் தூக்கிப் பெட்டியில் வைப்போம், விடிந்ததும் மறுபடி வலைக்குப் போய்விடும். ஆறாம் நாள், தாழ்ந்த பக்கத்தில் கோதுமை நுனிகள் வலையைத் தாண்டித் தலையை நீட்டின. மொட்டையின் விரல்களுக்கு நடுவிலேயே பச்சை. காற்றில் ஒரு நுனி ஆடியது. மொட்டை தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது. அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கொத்தியது. தவறிவிட்டது. மறுபடி கொத்தியது. நுனி அறுந்து வந்தது.

"தின்னுட்டா! ஏய், தின்னுட்டா!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார். வலையை ஒரு சாண் உயரத்திலேயே சமமாக வைத்திருந்தால் பயிர் மேலே வர இன்னும் ஒரு வாரமாவது ஆகியிருக்கும். அதுவரை மொட்டை தாங்கியிருக்காது. புது வலை வந்தபோது அண்ணன் கேட்டதற்கு, "இது சாஞ்சே இருக்கட்டும்" என்று அண்ணி சொல்லிவிட்டார்.

இரண்டு மாதத்தில் மொட்டைக்குக் கொண்டை சிவந்தது, கழுத்தில் இறகு முளைத்தது. பெயரை மாற்ற வேண்டுமே என்று எனக்குத்தான் கவலை. மண்ணிலும் இறங்கி மற்றவற்றோடு சண்டை போட்டது. ஆனால் இங்கே வந்து முதல் முட்டையிட மட்டும் வலைக்குத்தான் போனது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அண்ணி டீ டம்ளரோடு வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தார். மொட்டை வலையின் உயரமான பக்கத்தில் குந்தி, ஒரு முட்டையிட்டது. முட்டை சரிவில் உருண்டது. அண்ணியின் கை தானாகத் தாழ்ந்த பக்கம் போய்க் காத்திருந்தது.

முட்டை வரவில்லை. பாதி வழியில், அடர்ந்து நின்ற பயிருக்குள் சிக்கி நின்றுவிட்டது. மொட்டை எழுந்து திரும்பியது. பண்ணையில் முட்டை விழுந்ததும் உருண்டு போய்விடும், எந்தக் கோழியும் தன் முட்டையைப் பார்த்ததில்லை என்று அண்ணி முன்பே சொல்லியிருக்கிறார். மொட்டை இரண்டடி வைத்து வந்து, தலையைச் சாய்த்து, தன் முட்டையை மூக்கால் மெல்லத் தொட்டது.

அண்ணி நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஈர மண்ணென்றும் பார்க்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.