பாண்டுப்பில் சிறுத்தைக்கு வழி கிடைத்தது, டிராம்பே நரிக்கு இன்னும் இல்லை

2025 நவம்பர் 16, ஞாயிறு, காலை 5.50. மும்பை செம்பூர் ஸ்டேஷனில் நான் ஒரு ஆள், ஒரு பை. பாண்டுப்புக்குக் கிளம்பினேன். நண்பன் செல்வினைப் பாராட்ட அல்ல, அவன் வேலையில் ஓட்டை தேட.

இருவரும் தாராவியில் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாக சிவில் படித்தோம். வரைபடம் போடுவதில் அவன் என்னைவிட மோசம். அப்படிப்பட்டவன், சிறுத்தை காட்டிலிருந்து இறங்கிவரும் ஓடைக்கரையில் யாரும் கட்டக்கூடாது என்று வார்டு திட்டத்திலேயே சேர்க்க வைத்துவிட்டான். நான் டிராம்பேயில் ஒரு மண்திட்டுக்காக எட்டு மாதமாக மல்லுக்கட்டுகிறேன். சதுப்புக்காட்டு நரிகள் புல்வெளிக்குக் கடக்க அது ஒன்றுதான் வழி. அங்கே லாரி நிறுத்துமிடம் வரப்போகிறது. ஆட்சேபணைக்குக் கடைசி நாள் நவம்பர் 28. ஆங்கிலத்தில் 38 பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன், வண்ண வரைபடங்களோடு.

குர்லாவில் மாறி, ஸ்லோ லோக்கலில் பாண்டுப். டிக்கெட் 10 ரூபாய். மேற்குப் பக்கம் இறங்கினால் ஷேர் ஆட்டோ, மேட்டின்மேல் இரண்டு கிலோமீட்டர், 20 ரூபாய். "சிறுத்தை பாக்கவா? அதுக்கு நைட் டியூட்டி அண்ணே, இப்ப தூங்கும்" என்றார் டிரைவர், இந்தியில்.

ஓடைக்கரை அழகெல்லாம் இல்லை. முள், பிளாஸ்டிக், உடைந்த கமோடு ஒன்று. ஆனால் ஈரமண்ணில் புதுக் கால்தடம், என் உள்ளங்கை அளவு. வயிறு எரிந்தது.

"என்னலே, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றான் அங்கே எனக்காகக் காத்திருந்த செல்வின். "நானே இன்னும் அத நேர்ல பாத்ததில்ல. தடத்தோட சரி."

"வளைவுல கரை அகலம் இருபது மீட்டர்கூட இல்ல. இத ஆபீசருங்க எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

கரையோரக் கடைசி வீட்டு எஸ்தர் அக்கா கோயிலுக்குக் கிளம்பி நின்றார். அவர்தான் பதில் சொன்னார். "நாங்க விட்டாத்தானே? அது போற வழிய சுவர் வச்சு அடைச்சா, எங்க சந்து வழியால்லா வரும். ராத்திரி பிள்ளைய கக்கூஸுக்கு நீங்க கூட்டிட்டுப் போறியளா சார்னு கேட்டேன். ஆபீசர் தண்ணி குடிச்சாரு."

ஆட்சேபணை விசாரணையில் பெயர் பெயராகக் கூப்பிடுவார்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செல்வின் இருபத்தாறு பேரை உட்கார வைத்து, ஆளுக்கொரு மனு எழுதினானாம். என் 38 பக்கத்துக்கும் ஒரே பெயர்தான். மூன்றே நிமிடம்.

"உன் நரி எந்த வீட்டுப் பின்பக்கமா போவுது?" என்றான்.

"பத்தொன்பது டிகிரி, ரெண்டு நிமிஷம்..." என்று அட்சரேகை சொல்ல ஆரம்பித்தேன்.

"அது யாரு வீடு தம்பி?" என்றார் அக்கா.

தெரியாது. எட்டு மாதத்தில் அங்கே ஒருவரிடமும் பேசியதில்லை.

திரும்பும்போது ரயிலில் என் வரைபடத்தைத் திறந்தேன். லாரிகள் உள்ளே போகும் பாதையை நானே நீலக் கோடாகப் போட்டிருக்கிறேன். அது மண்திட்டுக்குப் பக்கத்து வீடுகளின் சந்துக்குள்ளேதான் போகிறது. அவர்களுக்கு இது தெரியுமா? நான் சொல்லவில்லையே.

போகிறவர்களுக்கு: பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ஞாயிறு மெகா பிளாக் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, காலை பத்தரைக்குள் திரும்பிவிடுங்கள். இருட்டியபின் ஓடைப்பக்கம் போகாதீர்கள். ஷூ அவசியம். தடம் தெரிந்தால் மிதிக்காமல் படம் எடுங்கள், பின்தொடராதீர்கள்.

பொறாமை இன்னும் போகவில்லை. அதனால்தான் இந்தப் பட்டியல்:

1. இன்று மாலையே டிராம்பே பஸ். மண்திட்டை ஒட்டிய வீடுகளில் கதவைத் தட்டி, லாரி எந்தச் சந்தில் நுழையும் என்று சொல்வேன். நரிப்பேச்சு அப்புறம்.
2. 38 பக்கத்தை ஒரு பக்கமாக்குவேன், மராத்தியில்.
3. எனக்கு மராத்தி எழுத வராது. செல்வினைக் கூப்பிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.
4. 28-க்குள் இருபத்தேழு பெயர். அவனைவிட ஒன்று கூட.
5. திட்டு தப்பித்தால், ஒரு விடியற்காலை அவனை அங்கே நிறுத்தி, நரி கடப்பதை நேரில் காட்டுவேன். அப்போது நான் நரியைப் பார்க்கமாட்டேன், அவன் மூஞ்சியைப் பார்ப்பேன்.