செய்தித்தாள் தெரியும் சிவப்பு

கோப்பையைச் செய்தித்தாளின் மேல் நிறுத்தி, உள்ளிருக்கும் ஒயினின் வழியே கிரிக்கெட் ஸ்கோர் வாசித்துக்கொண்டிருக்கிறார் ட்ரூடி நோஸ்கே. மூக்கு நுனி கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. "ஆஹா, கமா கூடத் தெரியுதுடா தம்பி!" என்கிறார், அவரிடம் வேலை பார்க்கும் என்னிடம்.

ஆஸ்திரேலியாவின் ஒயின் ஊரான எங்கள் பரோஸாவில் இந்தச் சோதனை நெடுநாள் வழக்கம்தான், ஆனால் நேர்மாறாக. எழுத்து தெரிந்தால் அது ஒயினே இல்லை, பீப்பாய் கழுவிய தண்ணீர் என்பார்கள். ட்ரூடியோ எழுத்து மறைந்தால் முகம் சுளிப்பார்.

ஒரு காலத்தில் ஷிராஸ் திராட்சையில் மையைப் போன்ற கெட்டி ஒயின் செய்தவர் அவர். அதற்குக் கிடைத்த பதக்கங்கள் இப்போது கொல்லைப்புற அத்திமரத்தில் தொங்குகின்றன. காற்றில் கிணுகிணுத்துக் கிளிகளை விரட்டுகின்றன. "அந்த ஷிராஸைக் குடிக்கக் கத்தியும் முள்கரண்டியும் வேணும்டா. ஒரு கிளாஸ்லயே தூக்கம் வந்துடும். இன்னொண்ணு கேக்க வைக்கணும், அதான் ஒயின்."

இப்போது அவருக்கு எல்லாமே வெளிர்சிவப்பு ஒயின் தரும் கிரனாஷ் திராட்சைதான். பழம் சுருங்குமுன், புளிப்பு மிச்சமிருக்கும்போதே பறித்து, கொத்தோடு தொட்டியில் இட்டு, தோலைச் சீக்கிரமே பிரித்துவிடுவார். மரவாசனை போன பழைய பீப்பாய்களில்தான் ஊற்றுவார். நான் கொஞ்சம் அழுத்தி மிதித்துவிட்டால் போதும், ஓடி வருவார். "டீ பேக் மாதிரி நனைச்சு எடுடா! துணியா துவைக்கிறே?" தொட்டிகளுக்குத் தேவாலயப் பாட்டும் பாடுவார். சுருதி சேராது. தொட்டிகள் நுரைக்கத்தான் செய்கின்றன.

ஒரே சிக்கல்: திராட்சைக் கொடிகள் அவருடைய கூடப்பிறந்த தம்பி கிளெமுடையவை. பழம் சுருங்கினால்தான் கிளெம் அறுவடைக் கத்தரியைத் தொடுவார்; அக்கா கெஞ்சினால் ஒன்றிரண்டு வரிசையை மட்டும் முன்கூட்டி விடுவார். இந்த வருடம் எல்லார் முன்னாலும் நிபந்தனை போட்டார். "உன் ஒயினை வாங்குற சிட்னிக்காரன் எதைக் குடுத்தாலும் குடிப்பான் அக்கா. சனிக்கிழமை ஊர் கிளப் விருந்துல நம்மாளுங்க உன் பாட்டிலைக் காலி பண்ணட்டும், மறுநாளே பழம் மொத்தத்தையும் வெட்டிக்கோ. இல்லைன்னா பழம் சுருங்கட்டும், வழக்கம்போல பெரிய கம்பெனிக்குப் போகட்டும்."

"காலி பண்ணுவாங்கடா."

"நாம ஜாம் மாதிரி ஒயின் போட்ட குடும்பம். உன்னுது ஜாம் கழுவின தண்ணி!"

சனிக்கிழமை வெயிலில் காக்கைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. கிளப்பில் மேசை நிறையத் தட்டுகள். ட்ரூடியின் பாட்டில்களை மட்டும் காணவில்லை. மதுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் நோலீன், பீர் வைக்கும் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினாள். "நிறத்தைப் பாத்தேன், குளிர வெச்சுக் குடிக்கிற ரோஸேன்னு நெனச்சு காலையிலேயே வெச்சுட்டேன்."

சிவப்பு ஒயின் குளிர்பெட்டிக்குள்! எங்கள் ஊரில் அது துக்க வீட்டில் விசிலடிப்பதற்குச் சமம். கிளெம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "முடிஞ்சுது அக்கா! உன் கிரனாஷுக்கு ஜலதோஷம் புடிச்சுடுச்சு!"

ட்ரூடி ஒரு பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். இந்த வருடப் பழம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தக் குளிர்பெட்டிக்குள் இருந்தது. சூடேற நேரமில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஊற்றினார். கோப்பைகளுக்கு வியர்த்தது.

முதலில் எல்லாரும் சந்தேகத்தோடு உறிஞ்சினார்கள். பிறகு வாய் நிறைய சாசேஜுடன் யாரோ, "இங்க இன்னொண்ணு" என்றார்கள். "எனக்கும்." "ஏய் நோலீன், மிச்சத்தையும் உள்ளேயே வை, வெளியே எடுக்காதே!" அடுத்த மேசை எழுந்தே வந்துவிட்டது. சிரிப்பு கூடக் கூடப் பாட்டில்கள் குறைந்தன. கறுப்பு ஷிராஸ் மூடி திறக்காமல் நின்றது, அழைக்கப்படாத மாமாவைப் போல.

கிளெம் வீம்பாகத் தாங்கிப் பார்த்தார். கடைசியில் ஒரு வாய் குடித்துவிட்டு மின்விசிறியை முறைத்தார்.

"எப்படிடா?"

"தண்ணிதான்." இன்னொரு வாய். "நல்ல தண்ணி."

கோப்பை மறுபடி நீண்டது.

"இது எதுக்கு?"

"வெயிலுக்கு."

மறுபடியும் நீண்டது.

"இது?"

"உருளைக்கிழங்கு சாலட் காரமா இருக்கு."

"அதுல மிளகாயே இல்லைடா!"

மேசை வெடித்துச் சிரித்தது. நோலீன் காலிப் பாட்டில் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்; அதுதான் கடைசி. கிளெம் யாரையும் பார்க்காமல் பின்பாக்கெட்டிலிருந்து திராட்சை வெட்டும் கத்தரியை எடுத்து, தட்டுகளுக்கு நடுவே அக்காவை நோக்கித் தள்ளினார்.

ட்ரூடி கத்தரியை எடுத்து, நரைத்த கொண்டையில் பூவைப் போல் செருகி, சரியாக நிற்கிறதா என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.