பஸ் நிலையத்து ராப் குரல்

திருகோணமலை பஸ் நிலையத்தில் நின்ற எல்லாருக்கும் சீலாவின் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் குறைவு. நிலையத்துக்கு எதிரே, ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் சோமசேகரத்தார் விளம்பர சேவை நடத்திக்கொண்டிருந்தார். மின்கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளில் சினிமாப் பாட்டு ஓடும். இடையிடையே நகைக்கடை, செருப்புக்கடை விளம்பரங்களைச் சீலா வாசிப்பாள். பக்கத்துப் பாலையூற்று ஊர்ப் பிள்ளை. மாதா கோயில் பாட்டுக்குழுவில் பாடிப் பழகிய திறந்த குரல். நிலாவெளி பஸ்ஸுக்கு நின்று நின்றே அவளுடைய விளம்பரங்கள் எனக்கு மனப்பாடம்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு அது, போர்க்காலம். அவளுடைய அண்ணன் கிறிஸ்தோபர் கனடாவில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். பார்சல் அனுப்பினால் தாய் திரேசம்மாவுக்குச் சீலை, தங்கைக்குக் கசெற். அங்கே வானொலியில் புதிதாக வருகிற ராப் பாட்டுகளைப் பதிந்து, நடுவில் தானே பேசியிருப்பான். "தங்கச்சி, இது போன கிழமைதான் வெளியில வந்தது. இஞ்ச ஓடுற கார் எல்லாத்திலயும் இதுதான் கேட்குது."

சீலாவுக்கு அந்தப் பாட்டுகளில் பித்துப் பிடித்திருந்தது. நியூயோர்க்குக்காரர் வார்த்தைகளை நிறுத்தி அளந்து போடுவார்கள் என்றும், இப்போது அமெரிக்காவின் தெற்கு நகரங்களின் காலம் வந்துவிட்டது, அவர்கள் தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி நாக்கைச் சுழற்றுகிறார்கள் என்றும், பெண்கள் கூடத் தனியாக அல்பம் போடத் தொடங்கிவிட்டார்கள் என்றும் கேட்கிறவர், கேட்காதவர் எல்லாருக்கும் சொல்லுவாள். கடைசியில் சோமசேகரத்தாரிடமே போய் நின்றாள்.

"ஐயா, சனிக்கிழமைப் பின்னேரம் விளம்பரம் ஒண்டும் இல்லைத்தானே. எனக்கு அரை மணித்தியாலம் தாங்கோ. புதுசா வந்த பாட்டுகளைப் போடுறன்."

அவர் கசெற்றை ஓடவிட்டுக் கேட்டார். "உது பாட்டோ, ஏச்சோ?"

"ரெண்டும்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒருக்காப் போட்டுப் பார். சனம் கல்லெறிஞ்சா நான் பொறுப்பில்லை."

கல் விழவில்லை, ஆனால் நகைக்கடைக்காரரும் செருப்புக்கடைக்காரரும் மேலே ஏறி வந்து காதைப் பொத்திக் காட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு முறைப்பாடு சொல்லாமல் வந்தவர் முனாப் ஒருவர்தான். கிண்ணியாவிலிருந்து கருவாடு கொண்டுவந்து பஸ் நிலையத்துப் பக்கம் விற்பவர்.

"தங்கச்சி, தாளம் நல்லாத்தான் இரிக்கி. ஆனா இவரு என்ன செல்றாரு? அதச் செல்லிட்டுப் போடுங்களன்."

அடுத்த சனிக்கிழமை, பாட்டைப் போடுமுன் சீலா மைக்கில் கதை சொன்னாள். "இந்தப் பாட்டுப் பாடுறவர் ஒரு கறுப்பினத்துப் பெடியன். வேலை முடிஞ்சு வீட்டை போகேக்க ஒவ்வொரு நாளும் றோட்டில பொலிஸ் மறிக்குது. கையைத் தூக்கு, பையைத் திற, எங்க போறாய், எங்கயிருந்து வாறாய் எண்டு கேட்குது. வீட்டில தாய் யன்னலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. அதைத்தான் பாடுறார். கேளுங்கோ."

நிலையத்தின் இரண்டு வாசலிலும் மண்மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண், சென்றி, இருந்தது. அங்கே பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்த சனம்தான் அவ்வளவும். ஒரு வார்த்தையும் விளங்காத பாட்டை, மரக்கறிப் பையைக் காலுக்குள் வைத்துக்கொண்டு, முழுவதும் நின்று கேட்டார்கள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் பஸ் இல்லாதவர்களும் நிலையத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை, அண்ணனின் புதுக் கசெற்றில் மூன்றாவது பாட்டைப் போட்டாள். அது துப்பாக்கி வெடிக்கிற சத்தத்தோடு தொடங்குகிற பாட்டு. வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்டதில் அந்தச் சத்தம் அவள் காதுக்குப் பழகி, இருப்பதே மறந்துபோயிருந்தது.

நான்கு ஒலிபெருக்கிகளிலும் ஒரே நேரத்தில் வெடித்தது. நிலையம் முழுக்க நிலத்தில் விழுந்தது, நானும் விழுந்தேன். சென்றியில் நின்றவர்கள் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடினார்கள். யன்னலால் எட்டிப் பார்த்த சீலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கசெற்றை நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தாள். "ஒண்டும் இல்லை! பாட்டு, பாட்டுச் சத்தம்தான்! ஒருத்தரும் ஓடாதேங்கோ!" தமிழிலும் தெரிந்த சிங்களத்திலும் மாறி மாறி அதையே சொன்னாள்.

அதிர்ஷ்டம், ஒருவரும் சுடவில்லை. கீழே இறங்கி வந்தவள், விழுந்து முழங்கால் உரசிய ஒரு வயதான பெண்ணைத் தூக்கி இருத்தி, சிதறிய தக்காளிகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டே அழுதாள். கசெற்றுகள் எல்லாவற்றையும் பொலிசார் எடுத்துக்கொண்டு போனார்கள். இனி அந்த அறையிலிருந்து வெளிநாட்டுப் பாட்டு ஒன்றும் வரக்கூடாது என்று உத்தரவு.

"விளம்பரத்தோட நிப்பம், பிள்ளை," என்றார் சோமசேகரத்தார்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலச் சனம் வந்து நின்றது. ஒலிபெருக்கியில் ஒன்றுமில்லை. முனாப் மேலே ஏறிப் போனார்.

"தங்கச்சி, என்ட கருவாட்டுக்கு ஒரு விளம்பரம் போடணும். ஒங்கட மாதிரிப் போடுங்க."

"என்ர மாதிரி எண்டா?"

"அந்தக் கனடாக் கசெற் மாதிரி. அத எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒங்கட வாயையுமா எடுத்துட்டுப் போனாங்க?"

சீலா ஒரு துண்டுக் கடதாசியில் ஏதோ கிறுக்கினாள். சோமசேகரத்தார் தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார், தடுக்கவில்லை. அவள் மேசையில் இரண்டு விரலால் தட்டித் தாளம் எடுத்தாள். பிறகு தெற்கு நகரத்துக்காரர் மாதிரி, மழை கொட்டுகிற வேகத்தில் தொடங்கினாள்:

"கருவாடு கருவாடு கிண்ணியாக் கருவாடு,
துறை தாண்டி வந்திருக்கு, தூக்கிப்பார் நிறையோடு!
பாரைக்கும் சூரைக்கும் பையிருந்தால் நீட்டிக்கொள்,
பஸ்சுக்கு முன்னாலே முனாப்பிட்டைக் கேட்டுக்கொள்!
செக்பொயின்ரில் பையைத் திறவெண்டு சொன்னாலும்
வாசத்தில் விட்டிடுவான், வரிசையில் நிண்டாலும்!"

நிலையத்தில் எழுந்த சிரிப்பும் விசிலும் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். ஒரு வருசமாக அந்தச் சென்றியில் தலையைக் குனிந்து போன சனம் வாய்விட்டுச் சிரித்தது. மண்மூட்டைக்குப் பின்னால் நின்ற சிப்பாய், என்ன விசயம் என்று பக்கத்தில் நின்ற கொண்டக்டரிடம் கேட்டான். கொண்டக்டர் பயந்து பயந்து சிங்களத்தில் சொல்ல, அவனும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இன்னொருக்கா!" என்று கீழேயிருந்து கத்தினார்கள். சீலா இன்னொருக்கா சொன்னாள். மூன்றாம் முறை சனமே சேர்ந்து சொன்னது. அன்றைக்கு முனாப் வெறுங்கூடையோடு கிண்ணியாவுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை செருப்புக்கடைக்காரர் மேலே ஏறி வந்தார். காதைப் பொத்திக் காட்டிய அதே ஆள்.

"எங்கட செருப்புக்கும் உப்பிடி ஒண்டு வேணும், பிள்ளை. கருவாட்டை விட வேகமா."

நகைக்கடைக்காரர் பின்னாலேயே நின்றார். அந்த மாதம் சோமசேகரத்தாருக்கு விளம்பரங்களுக்கு நேரம் ஒதுக்கி முடியவில்லை. கடைக்காரர்களே கூடிப் பொலிசுக்குப் போய், சீலாவின் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டார்கள். கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: ஒவ்வொரு கசெற்றையும் முன்கூட்டியே பொலிஸ் நிலையத்தில் போட்டுக் காட்ட வேண்டும்.

அந்த வேலை ஒரு இளம் கொன்ஸ்தாபிளின் தலையில் விழுந்தது. முதல் வெள்ளிக்கிழமை அவன் முகத்தைச் சுழித்துக்கொண்டு கேட்டான். நான்காம் வெள்ளிக்கிழமை சீலாவை வாசலிலேயே கண்டு, "மிஸ், இந்தக் கிழமை புதுசு இருக்குதா?" என்றான்.

"ஓம், ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர. கனடாவிலயே வந்து ரெண்டு கிழமைதான்."

அந்தப் பாட்டு சனிக்கிழமை ஒலிபெருக்கியில் வந்தபோது நிலாவெளி பஸ் புறப்பட ஆயத்தமாக நின்றது. கொண்டக்டர் மணியை அடித்துப் பார்த்தார், கத்திப் பார்த்தார். ஒருவரும் ஏறவில்லை. சாரதி எஞ்சினை நிறுத்தி, கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார்.

மேல்மாடி யன்னலில் சீலா மைக்கோடு நின்றாள். முதல்முறையாக எல்லாரும் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.