பால்மெருகு

சூளையிலிருந்து எடுத்த மெருகுப் பாத்திரங்கள் சத்தம் போடும் என்பது என் மூத்த சகோதரி கைருன்னிஸா ராத்தாவுக்குத் தெரிந்த விசயம்தான். சூடு ஆறும்போது மண் ஒரு விதமாகச் சுருங்கும். அதன்மேல் உருகிப் படிந்த கண்ணாடிப் பூச்சு வேறு விதமாகச் சுருங்கும். அந்த இழுபறியில் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழும். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஊசி விழுந்தாற்போல ஒரு ‘டிங்’. ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் கேட்கும்.

1979 ஜூலையில் எடுத்த எட்டுக் கோப்பைகளும் பத்தொன்பதாம் நாளும் சத்தம் போட்டன. அதுவும் நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து, ஊர் சோறு தின்று அடங்கிக் கிடக்கும் நேரத்தில் மட்டும்.

ராத்தா மணமாகி ஆறே மாதத்தில் தலாக் ஆனவர். சாய்ந்தமருதில் உம்மா சீதனமாகக் கொடுத்த வீட்டு வளவில், மலைநாட்டுப் பக்கம் அரசாங்கப் பயிற்சி நிலையம் ஒன்றில் படித்து வந்த மெருகு வேலையைத் தனியாக ஆரம்பித்தார். பாத்திரத்தைச் சக்கரத்தில் வனைந்து தருபவர் காரைதீவு அழகரெத்தினம் அண்ணன். ராத்தா அதில் காவியாலும் நீலத்தாலும் கொடி எழுதுவார். அது அடிவர்ணம். அதன்மேல் மெருகுக் குழம்பை ஊற்றிச் சுடுவார். வேகும்போது மெருகு கண்ணாடியாகி, உள்ளே கொடி தெரியும்.

பயிற்சி நிலையத்து மெருகு இரசாயனங்கள் இங்கே கிடைக்காது. போத்தல் கண்ணாடித் தூள், தட்டானிடம் வாங்கிய வெங்காரம், உமிச் சாம்பல் என்று உள்ளதை வைத்தே கலந்து பார்த்தார். வந்ததெல்லாம் பழுப்பும் மங்கல் பச்சையும்தான். வெள்ளை வேண்டும் என்பது அவருடைய ஆசை. முந்தின வருசச் சூறாவளியில் ஊருக்குத் தெற்கே கடல் கரையைத் தோண்டிப் பெரிய பள்ளமாக்கியிருந்தது. அங்கே சிதறிக் கிடந்த வெள்ளை முருகைக்கல் துண்டுகளை, கடல் பவளப்பாறை என்றெண்ணி, கூடையில் பொறுக்கி வந்து, சுட்டு, உரலில் இடித்து, அரைப் பங்கு சேர்த்தார்.

வெள்ளை வந்தது. பால் திரண்டாற்போல, ஓரத்தில் லேசான நீலம் ஓடும் வெள்ளை. நான் அப்படியொன்றைக் கண்டதில்லை.

ஆனால் கொடிகள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மெருகு அதிகமாக உருகினால் அடிவர்ணம் கீழ்நோக்கி வழியும். இவை பக்கவாட்டில் இழுபட்டிருந்தன. இலை, மொட்டு எல்லாம் எட்டுக் கோப்பையிலும் ஒரே பக்கத்துக்குச் சாய்ந்து கிடந்தன.

“சூளை வாய் கிழக்கால இரிக்கி காலிதீன். நெருப்பு தள்ளியிரிக்கும்” என்றார் என்னிடம்.

சொல்லிவிட்டு விடுகிற ஆள் இல்லை அவர். கிழக்கு வாயைச் செங்கல் வைத்து அடைத்தார். மேற்கில் புதுவாய் திறந்தார். அடுத்த எட்டுக் கோப்பைக்கும் அடியில் மேற்குப் பக்கம் நகத்தால் ஒரு கீறல் வைத்து அடுக்கினார். இந்தத் தடவை நெருப்பு மேற்கிலிருந்து வந்தது. திறந்து பார்த்தோம். கொடிகள் கீறல் இருந்த பக்கமே சாய்ந்திருந்தன. நெருப்பு தள்ளிய பக்கமல்ல, நெருப்புக்கு எதிராக.

ராத்தா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார். கை சுத்தமாகத்தான் இருந்தது. அன்று பகல் பதினைந்து கோப்பைகள் அறைக்குள் சத்தம் போட்டன. முதல் எட்டில் ஒன்றை அழகரெத்தினம் அண்ணன் மாதிரிக்கென்று அறுகம்பேயில் ஒரு விடுதிக்குக் கொடுத்திருந்தார்.

மறுவாரம் சல்மா உம்மா மூக்குவைத்த தண்ணீர் முட்டி ஒன்று செய்யச் சொல்ல வந்தார். ஊரில் இறந்துபோன பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் அவர்தான். முட்டியின் அளவைக் கையால் காட்டிக்கொண்டிருந்தவர், மூலையிலிருந்த கூடையைக் கண்டு பேச்சை நிறுத்தினார். குனிந்து ஒரு துண்டை எடுத்தார்.

“இத எங்க புள்ள எடுத்த?”

“கரையிலதான் மாமி. தெற்கால பள்ளம் விழுந்து கிடக்கே, அங்க. முருகைக்கல்லு.”

சல்மா உம்மா அதைத் திரும்பப் போடவில்லை. உள்ளங்கையில் ஏந்தியபடியே நின்றார்.

“முப்பத்தஞ்சு வருசமா மையித்துக் குளிப்பாட்டுறன். இது முருகைக்கல்லு இல்ல மகள். அதில பழைய மையவாடி இருந்த. வாந்திபேதி காலத்தில அடக்கின ஆக்கள். தலமாட்டு மீசான் பலகையெல்லாம் என்ட வாப்பாட காலத்திலயே உக்கிப் போயிட்டு.”

ராத்தா உள்ளே போய் ஒரு கோப்பையை எடுத்து வந்தார். அது சூளைக்குள் இருந்த விதமாகவே, கீறல் மேற்கே பார்க்கத் தரையில் வைத்தார். சல்மா உம்மா அதன் முன் குந்தி, சாய்ந்து கிடந்த இலைகளை வெகுநேரம் பார்த்தார்.

“கிப்லாவப் பாத்துக் கிடக்காங்க” என்றார். மக்கா இருக்கும் மேற்குப் பக்கம் பார்க்கவைத்துத்தான் எங்களில் மையித்தை அடக்குவது.

ராத்தாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. “நான் உரலில போட்டு இடிச்சிட்டன் மாமி.”

“மையித்துட எலும்ப முறிக்கிறதும் உசிரோட இரிக்கிற ஆள்ட எலும்ப முறிக்கிறதும் ஒண்டுதான் எண்டு சொல்லுவாங்க” என்றார் சல்மா உம்மா. பிறகு ராத்தாவின் தலையில் கை வைத்தார். “நீ தெரியாமச் செஞ்ச. அல்லாஹ் அறிவான். ஆனா இனி இதுகள உடைக்கப்படா.”

பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. புது மையவாடியின் ஓரத்தில் ஒரு குழிக்கு இடம் காட்டினார். பதினைந்து கோப்பைகளையும், கூடையில் மிஞ்சிய துண்டுகளையும், உரலில் ஒட்டியிருந்த தூளையும் ராத்தா தனித்தனியே வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் அடுக்கினார். பெட்டியை மதில் வரை சுமந்து வந்தவர் அழகரெத்தினம் அண்ணன். பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லாததால் ராத்தா வெளியே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் குழிக்குள் இறங்கி, ஒவ்வொன்றையும் துணியை விலக்கிப் பார்த்து, அதன் சாய்வு மேற்கே பார்க்க வைத்தேன். ஏழாவதை வைத்துவிட்டு எட்டாவதைக் கையில் எடுத்தபோது அது துணிக்குள்ளிருந்து சத்தம் போட்டது. உள்ளங்கையில் அதிர்வு ஏறியது. மேலே நின்ற மரைக்காருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் ஓதிக்கொண்டிருந்ததைச் சற்று உரத்து ஓதினார்.

அடுத்த நாள் ராத்தாவும் நானும் பஸ் பிடித்துப் பொத்துவில் போய், அங்கிருந்து அந்த அறுகம்பே விடுதிக்குப் போனோம். விடுதிக்காரர் அப்துல் கபூர் தலையைச் சொறிந்தார்.

“அதையா? ஒரு வெள்ளக்காரன் கேட்டுக் கேட்டு வாங்கிட்டான் தங்கச்சி. பகலில அது கதைக்குதாம். தலமாட்டில வச்சுக்கிட்டுக் கிடப்பான். போன கிழமை அவன்ட ஊருக்குக் கொண்டு போயிட்டான்.”

“எந்த ஊரெண்டு தெரியுமா காக்கா?” என்று ராத்தா கேட்டார்.

“அது எனக்குத் தெரியா.”

வரும் வழியெல்லாம் ராத்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். “ஒராள மட்டும் தனிய அனுப்பிட்டன்” என்று அக்கரைப்பற்று தாண்டும்போது சொன்னார். 

நான்கு மாதம் சூளை எரியவில்லை. ராத்தா நோன்பு பிடித்தார், ஓதினார், மெலிந்தார். பிறகு ஒரு காலையில், அழகரெத்தினம் அண்ணன் வழக்கம்போலச் சைக்கிளில் பாத்திரங்களோடு வந்து நிற்க, ராத்தா அவற்றை இறக்கி வைத்தார். எண்பத்தைந்து சித்திரையில் நடந்த தமிழ்–முஸ்லிம் கலவரத்தில் காரைதீவுப் பாதை அடைபட்டு அவர் வர முடியாமல் போனபோது, ராத்தா கையாலேயே மண் பிசைந்து சின்னக் கிண்ணங்கள் செய்யப் பழகினார். உமிச் சாம்பல் மெருகில் நெல்வயல் சேற்றின் நிறம் அவருக்குக் கைவந்தது. கல்முனைக் கடைகளில் அதற்கென்றே ஆட்கள் வந்தார்கள்.

1987இல் ஒரு கண்காட்சிக்குக் கொழும்பிலிருந்து வந்த பெண் ஒருவர் அவற்றை மெச்சிவிட்டு, “வெள்ளையில் ஒன்றும் செய்வதில்லையா?” என்று கேட்டார்.

“செய்யலாம்” என்றார் ராத்தா, கிண்ணத்தைக் கடதாசியில் சுற்றியபடி. “அதுக்கு வேண்டிய சாமான் என்ட சொந்தம் இல்ல தங்கச்சி.”