அப்பா பெயர் சொல்லி வேண்டிய சிப்பாய்கள்

எங்கள் அப்பா ஆண்டவரிடம் போய் ஓராண்டாகிறது. இன்னும் மத்தியான வேளையில் அவர் அறையில் அவர் சேர்த்த பழைய பதக்கங்கள் லேசாக உரசும் சத்தம் கேட்பதுபோல் இருக்கிறது.

கடற்கரைக் கிராமமான ஆலந்தலையில் பிறந்தவர். அவருக்கு விவரம் தெரியும் முன்பே அவருடைய தந்தையைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடல் கரை சேரவில்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, அப்பாவுக்கு மட்டும் போய் நிற்க ஓர் இடம் இருக்காதாம். வளர்ந்ததும் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனார். அந்த வெக்கையில் வெந்துதான் தூத்துக்குடியில் வீடு கட்டினார், எங்களைப் படிக்க வைத்தார்.

ஐரோப்பியத் துறைமுகங்களில் கப்பல் நின்றால் மற்றவர்கள் சென்ட் பாட்டில் வாங்குவார்கள். அப்பா பழஞ்சாமான் சந்தைக்குப் போய்ப் போர்ப் பதக்கம் வாங்குவார். கிரிமியாவிலும் இத்தாலியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டையிட்ட சிப்பாய்களுடையவை அவை. ஓய்வுபெற்ற பிறகு அவற்றைக் கட்டிலில் பரப்பி, சாயம் போன ரிப்பனை நீவியபடியே கண்ணயர்ந்துவிடுவார். உப்பளம் பக்கம் போனால் வண்டியை நிறுத்திவிடுவார். வெள்ளை வெளேரென்ற குவியல்களைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சிப்பாய்கள் படுத்த பனியும் இப்படித்தான் கிடந்திருக்கும் என்பார்.

சில பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் பெயர் பொறித்திருக்கும். கல்லறைத் திருநாள்தோறும் அந்தப் பெயர்களை மாதா கோயிலில் கொடுத்து, அவர்கள் ஆன்மா இளைப்பாறப் பூசை ஒப்புக்கொடுப்பார். ஜேம்ஸ், ஹென்றி, வில்லியம் என்று எங்கள் வீட்டு இறந்தவர்களாகப் பூசையில் வாசிக்கக் கேட்ட ஊர், கப்பல்காரருக்கு அக்கரையில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டது. துக்கம் விசாரிக்கவே சிலர் வந்துவிட்டார்கள். அம்மா அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, அப்பாவிடம் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன்பின் அந்தப் பெயர்களைக் கேட்டாலே அம்மாவுக்கு ஆகாது.

கடைசி நாட்களில் நோயைவிட அந்தச் சிப்பாய்களைப் பற்றிய கவலைதான் அப்பாவை வாட்டியது. வாசலில் ஆட்கள் குளிரில் நிற்கிறார்கள் என்பார் பாதித் தூக்கத்தில்.

“எனக்குப் பொறவு இவுகளுக்கு யாரு பூச கேப்பா?” என்றார் ஒருநாள்.

அம்மா போர்வையை இழுத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

மருத்துவமனையில் எங்களோடு விழித்திருந்த உறவினர்களுக்கும், பெட்டிக்குத் தோள்கொடுத்த கப்பல் நண்பர்களுக்கும், ஜெபமாலை சொல்ல வந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இந்தக் கல்லறைத் திருநாளுக்குப் பெயர் கொடுக்க அம்மாவே கோயிலுக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். சிப்பாய்களின் பெயர்களை எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக அப்பாவின் பெயரைச் சொன்னார். வீட்டுக்காரர் பெயரை முதலில் வாசித்துவிடலாமா என்று பெயர்களை எழுதிக்கொண்டிருந்த கோயில் பணியாளர், கோயில்பிள்ளை, கேட்டார்.

“அவுகளுக்குத்தான் நாங்க இருக்கோமே,” என்றார் அம்மா. “ஆளு இல்லாதவுகள மொதல்ல வாசிங்க.”