நான்கடி தூரம்

அந்தச் சுழல் நாற்காலி இப்போது என் வீட்டில் இருக்கிறது. மேற்குத் தாம்பரத்தில் அந்த வக்கீல் ஆபீசைக் காலி செய்தபோது, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பதினோரு வருஷம் டைப்பிஸ்ட்டாக அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆபீசை ஆரம்பித்தவர்கள் இரண்டு பேர், பெரிய வக்கீலும் சின்ன வக்கீலும். சட்டக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். நான் சேர்ந்தபோதே இருவருக்கும் பேச்சு கிடையாது. காரணம் எனக்குத் தெரியாது, அவர்களுக்கே மறந்திருக்கும். ஆனால் பிரிந்துபோகவும் இல்லை. ஒரே அறையில் இரண்டு மேஜை, நடுவில் நான். "அவர்கிட்ட சொல்லும்மா" என்பார் பெரியவர். நாற்காலியைத் திருப்பி, அவர் சொன்னதை அப்படியே சின்னவரிடம் சொல்வேன். பதில் வந்ததும் இந்தப் பக்கம் திரும்புவேன். இடைவெளி நான்கடிகூட இருக்காது. படித்தவர்கள் செய்கிற வேலையா இது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் என் பையனுக்கு அம்மை போட்டிருந்தது. லீவு கேட்டேன். "அவரைக் கேளு" என்றார் பெரியவர். "அவரையே கேளு" என்றார் சின்னவர். காலையிலிருந்து மூன்று முறை திருப்பி விட்டார்கள். சாயங்காலம் பெரியவர், "நாளைக்குச் செங்கல்பட்டுல பம்மல் அம்மாவோட வீட்டு கேஸ். எனக்கு ஹைகோர்ட் இருக்கு. அவரைப் போகச் சொல்லும்மா" என்றார். நான் திரும்பவில்லை. காது இருக்கிறதல்லவா, கேட்டிருக்கும் என்று மெஷினை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

சின்னவர் போகவில்லை. எங்கள் தரப்பில் ஆளே இல்லை என்று, வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டது.

"சார், உங்க காதுல விழலையா?" என்று கேட்டேன்.

"விழுந்துச்சு. நீ சொல்லலையே."

தீர்ப்பை ரத்து செய்ய மனுப் போட்டோம். அது விசாரணைக்கு வருவதற்குள் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். தோல் பதனிடும் ஷெட்டில் கூலி வேலை செய்து, புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்த்தவர் அந்த அம்மா. மறுநாள் வந்தார். மற்ற நாற்காலிகளிலெல்லாம் கேஸ் கட்டுகள். எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன். "சாமான்லாம் ரோட்ல கீது. அன்னிக்கு யாரு சார் வந்திருக்கணும்?" என்று பெரியவரைக் கேட்டார். அவர் சின்னவரின் மேஜையைப் பார்த்தார். காலால் தரையை உந்தி நாற்காலியைத் திருப்பிச் சின்னவரைக் கேட்டார். அவர் பெரியவரின் மேஜையைப் பார்த்தார்.

கடைசியில் பெரியவர் என்னைப் பார்த்து, "தப்பு எங்களோடதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லும்மா" என்றார். "நானும் அதையே சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லு" என்றார் சின்னவர். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என் தப்பையும் சொல்லவில்லை. அந்த அம்மா மூன்று பேரையும் பார்த்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் எங்கே குடியிருந்தார் என்று நான் விசாரிக்கவில்லை.

பெரியவர் இறந்த எட்டாவது மாதம் சின்னவரும் போனார். இரங்கல் கூட்டத்தில், இத்தனை வருஷத்தில் இவர்களுக்குள் ஒரு சண்டை கேட்டதுண்டா என்று ஒருவர் பேசினார். கை தட்டினார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

நாற்காலி இன்னும் நன்றாகவே சுழல்கிறது. மடித்த துணிகளை அதன்மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காரப் போனால், வேறு நாற்காலியைக் காட்டிவிடுகிறேன்.