விமானம் போகும்வரை

பொழிச்சலூரில் எங்கள் வீட்டின் மேல் விமானம் தாழப் பறந்தால் பேச்சை நிறுத்துவோம். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

ஜெர்மனியில் எனக்குப் படிக்க இடம் கிடைத்தபோது அப்பா மட்டும் நிறுத்தவில்லை. "ஒரு பைசா ஃபீஸ் கிடையாது சார்!" என்று பார்த்தவரிடமெல்லாம் விமானச் சத்தத்தை மீறிக் கத்தினார்.

அங்கே என் இரண்டாவது குளிர்காலத்தில் அம்மா ஃபோன் செய்தாள். "அப்பா காலைல நெஞ்சு வலின்னு..." என்றவள், விமானம் வரவும் பழக்கத்தில் நிறுத்தினாள். அந்தப் பாழாய்ப்போன சத்தம் போகட்டும் என்று நானும் காத்திருந்தேன். போயிற்று.

"ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம். நீ எப்ப வர்ற?"

மறுநாள் நான் வந்த விமானம் எங்கள் வீட்டின் மேல் தாழ்ந்தபோது, கீழே எல்லோரும் ஒரு நிமிடம் அழுகையை நிறுத்தியிருப்பார்கள்.